ஐந்தாம் செமஸ்டர் எலெக்டிவ்: மூன்று இடம், பன்னிரண்டு பாடம். எதை எடுப்பது?

மழைத்துளி

எல்லோருக்கும் வணக்கம். கம்ப்யூட்டர் சயின்ஸ் இளநிலையில் இரண்டாம் ஆண்டு முடிக்கப் போகிறேன். அடுத்த செமஸ்டரிலிருந்து எலெக்டிவ் ஆரம்பம். ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸும் அல்காரிதம்ஸும் கட்டாயம். அதற்கு மேல் மூன்று பாடம் நாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதுவரை முடித்தவை: சி, பைத்தான், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், டிஸ்க்ரீட் மேத்ஸ், கால்குலஸ், லீனியர் ஆல்ஜிப்ரா, கம்ப்யூட்டர் ஆர்கனைசேஷன், டிபிஎம்எஸ், ஆட்டோமேட்டா தியரி.

பட்டியலில் இருப்பவை: கம்பைலர் டிசைன் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவியைக் கட்டுவது), மெஷின் லேர்னிங், கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ், தகவல் பாதுகாப்பு, கிளவுட் கம்ப்யூட்டிங், வெப் டெவலப்மென்ட், மொபைல் ஆப், கிராஃபிக்ஸ், நியூமெரிக்கல் மெத்தட்ஸ், பிளாக்செயின், சாஃப்ட்வேர் டெஸ்டிங், பிறகு மேத்ஸ் துறை நடத்தும் ப்ராபபிலிட்டி-ஸ்டாட்டிஸ்டிக்ஸ். ஆறாம் செமஸ்டரில் டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ், டீப் லேர்னிங், இயல்மொழி ஆய்வு இன்னும் சில வரும். மெஷின் லேர்னிங் இரண்டு செமஸ்டரிலும் உண்டு.

வகுப்பில் பாதிப் பேர் மெஷின் லேர்னிங், கிளவுட், வெப் என்று முடிவு செய்துவிட்டார்கள். எனக்கு ஆட்டோமேட்டாவும் கம்ப்யூட்டர் ஆர்கனைசேஷனும்தான் ரொம்பப் பிடித்தன. ஆனால் பிடித்ததை எடுத்து வேலை கிடைக்காமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. எந்தப் பாதைக்குப் போவேன் என்று இப்போதைக்குத் தெரியாது. எதை இப்போது எடுத்தால் பிற்பாடு கதவுகள் மூடாது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

டேட்டாதம்பி

யோசிக்கவே வேண்டாம். மெஷின் லேர்னிங், கிளவுட், வெப். இந்த மூணும் ரெஸ்யூமேல இருந்தாதான் இன்டர்ன்ஷிப்புக்குக் கூப்பிடுவாங்க. கம்பைலர் எழுதுற வேலைக்கு எத்தனை பேரை எடுக்கப் போறாங்க? வீட்டுல சம்பளத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு இதுதான் நேர்வழி. பிடிச்சதை அப்புறம் படிச்சுக்கலாம்.

கர்னல்வாசி

டேட்டாதம்பி, அந்தக் கடைசி வரியைத் திருப்பிப் போட்டுப் பாருங்க. எதை "அப்புறம் படிச்சுக்கலாம்"? அதுதான் என்னோட முதல் கேள்வி.

வெப் டெவலப்மென்ட் நல்ல வேலை, நான் குறைச்சுச் சொல்லல. ஆனா அதுக்கு ஆவணங்கள் தரமா, இலவசமா கிடைக்குது. எழுதின உடனே பிரவுசர்ல தெரியும். தப்புன்னா தப்புன்னு அதுவே காட்டிடும். ஒரு லீவுல உட்கார்ந்து தனியா கத்துக்க முடியும். கிளவுட்டும் பெரும்பாலும் அப்படித்தான். ஒரு நிறுவனத்தோட சேவைப் பெயர்களும் திரைகளும் நாலு வருஷத்துல மாறிடும், வேலைக்குப் போன இடத்துல எப்படியும் திரும்பக் கத்துக்கணும்.

ஓஎஸ் (ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ்) லேப் அப்படி இல்ல. மழைத்துளி, உங்க கல்லூரியில எக்ஸ்வி6 வெச்சு நடத்துறாங்களான்னு பாருங்க. எம்ஐடியில 2006-ல பாடத்துக்குன்னே எழுதின சின்ன ஓஎஸ் அது. அதுல ஒரு வழக்கமான பயிற்சி, ஃபோர்க்கை, அதாவது ஓடிக்கிட்டிருக்கிற ஒரு ப்ரோக்ராம்லேர்ந்து (ப்ராசஸ்) இன்னொண்ணைப் பிறப்பிக்கிற கட்டளையை, மாத்தி எழுதுறது. பழைய ஃபோர்க், தாய் ப்ராசஸோட நினைவகம் முழுசையும் குழந்தைக்கு நகல் எடுக்கும். புதுசுல நகல் எடுக்காம ரெண்டு பேரும் ஒரே நினைவகப் பக்கங்களைப் பகிர்ந்துக்கணும், படிக்க மட்டும் அனுமதி. யாராவது எழுதப் போனா பேஜ் ஃபால்ட்ங்கிற குறுக்கீடு வரும், அந்த நேரத்துல அந்த ஒரு பக்கத்தை மட்டும் நகல் எடுத்துக் கொடுக்கணும். கேட்க எளிது. ஒவ்வொரு பக்கத்தையும் எத்தனை பேர் வெச்சிருக்காங்கன்னு ஒரு எண்ணிக்கை தேவை. அந்த எண்ணிக்கையைக் குறைக்க மறந்தா நினைவகம் கசிஞ்சுக்கிட்டே போகும். ஒண்ணு கூடுதலா குறைச்சா, ஒருத்தர் இன்னும் பயன்படுத்துற பக்கத்தை விடுவிச்சிடுவீங்க, அந்தப் பிழை வேற எங்கேயோ, சம்பந்தமே இல்லாத இடத்துல வெடிக்கும்.

இதை ராத்திரி தனியா உட்கார்ந்து செய்யுறவங்க உண்டு. ஆனா பெரும்பாலானவங்க பாதியில விட்டுடுவாங்க. கெடு இருக்கணும், பக்கத்துல மாட்டிக்கிட்ட நாலு பேர் இருக்கணும், "உன் லாக்கை இங்கே ஏன் விட்டே?"ன்னு கேட்க ஒரு லேப் உதவியாளர் இருக்கணும். கல்லூரியில கிடைக்கிறது இந்த மூணும்தான், சிலபஸ் எங்கேயும் கிடைக்கும். அதனால எலெக்டிவ் இடத்தை, தனியா முடிக்க முடியாத பாடத்துக்குச் செலவு பண்ணுங்க.

டேட்டாதம்பி

சொல்றது புரியுது. ஆனா ரெஸ்யூமே பார்க்கிறவருக்கு எக்ஸ்வி6 தெரியணுமே? அவர் பார்க்கிறது பாடத்தோட பேரை.

கர்னல்வாசி

பேரை வெச்சு முதல் வடிகட்டல் நடக்கிறது உண்மை. அதுக்கு ஒரு நல்ல வெப் ப்ராஜெக்ட் போதும், அதை எலெக்டிவ் இல்லாமலே செய்யலாம். நேர்முகத்துல கேட்கிறது டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், அல்காரிதம்ஸ், ஓஎஸ், டிபிஎம்எஸ், நெட்வொர்க்ஸ். "த்ரெட்டுக்கும் ப்ராசஸுக்கும் என்ன வித்தியாசம்"னு கேட்டா மனப்பாடமா எல்லாரும் சொல்லுவாங்க. அடுத்த கேள்வியிலதான் லேப் செஞ்சவர் யாருன்னு தெரியும்.

எண்கணிதன்

மெஷின் லேர்னிங் பற்றி ஒரு விஷயம். எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. எப்போது எடுக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

மழைத்துளி, லீனியர் ஆல்ஜிப்ரா முடித்திருக்கிறீர்கள், நல்லது. ப்ராபபிலிட்டி? பட்டியலில் அது தனியாக நிற்பதைப் பார்த்தால் இன்னும் படிக்கவில்லை என்று நினைக்கிறேன். அது இல்லாமல் மெஷின் லேர்னிங் வகுப்பில் உட்கார்ந்தால் லைப்ரரியைக் கூப்பிடப் பழகலாம், என்ன நடக்கிறது என்று புரியாது.

எளிய உதாரணம். ஆயிரம் பரிவர்த்தனையில் பத்துதான் மோசடி. உங்கள் மாடல் எல்லாவற்றையும் "மோசடி இல்லை" என்று சொன்னால் துல்லியம் 99 சதவீதம். பார்த்து மகிழ்ந்து போவோம். அது ஒரு மோசடியைக்கூடப் பிடிக்கவில்லை. இதைக் கண்டுபிடிக்க நிபந்தனை நிகழ்தகவு தெரிந்தால் போதும், நியூரல் நெட்வொர்க் எதுவும் தேவையில்லை.

இன்னொன்று, கால்குலஸ் பக்கம். பழைய நியூரல் நெட்வொர்க்குகளில் சிக்மாய்டு ஃபங்ஷன் (எந்த எண்ணையும் 0-க்கும் 1-க்கும் நடுவே சுருக்குவது) ஒவ்வொரு அடுக்கிலும் இருக்கும். அதன் வகைக்கெழுவின் உச்சமதிப்பு 0.25. பிழையைத் திருத்தக் கடைசி அடுக்கிலிருந்து பின்னோக்கிப் போகும்போது செயின் ரூல்படி ஒவ்வொரு அடுக்கிலும் அந்த எண் பெருக்கப்படும். பத்து அடுக்கு என்றால் 0.25-இன் பத்தாம் அடுக்கு: பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே. எடைகள் (இணைப்புகளில் பெருக்கப்படும் எண்கள்) அதை ஈடு கட்டாவிட்டால் முதல் அடுக்குக்குத் திருத்தம் ஏறக்குறைய எதுவும் போய்ச் சேராது. ஆழமான நெட்வொர்க்குகளைப் பயிற்றுவிப்பது ஏன் நெடுங்காலம் கடினமாக இருந்தது, பிறகு அதற்குப் பதிலாக ரெலு என்ற ஃபங்ஷன் ஏன் பரவியது என்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம். ஒரு தாளில் கைப்பட எழுதிப் பார்த்தால் அரைமணி நேரத்தில் பிடிபடும். கணக்கு இல்லாமல் போனால் அதே விஷயம் "ரெலு நல்லது" என்ற குறிப்பாக மட்டும் நோட்டில் இருக்கும்.

ஐந்தில் ப்ராபபிலிட்டி, ஆறில் மெஷின் லேர்னிங். இதுதான் என் யோசனை.

மழைத்துளி

எண்கணிதன் சார், சரியாகப் பிடித்தீர்கள். முதலாண்டு மேத்ஸ் தாளில் ப்ராபபிலிட்டி ஒரு யூனிட்டாக வந்தது. பேயஸ் தேற்றம் வரை நடத்தினார்கள், ராண்டம் வேரியபிள் தொட்டும் தொடாமலும் முடிந்துவிட்டது. மேத்ஸ் துறைப் பாடம் எங்கள் வகுப்பில் யாரும் எடுப்பதாகத் தெரியவில்லை. தனியாகப் போய் உட்கார வேண்டும்.

பாடவேளை

நான் கல்லூரியில் பாடம் எடுப்பவள். ஒவ்வோர் ஆண்டும் இதே கேள்வியோடு மாணவர்கள் வருவார்கள். நான் முதலில் சொல்வது: ஒரு தாளை எடுத்து நான்கு செமஸ்டருக்கும் சேர்த்து வரையுங்கள், ஐந்தாம் செமஸ்டரை மட்டும் பார்க்காதீர்கள்.

இறுதியாண்டில் எந்தெந்தப் பாடத்தில் உட்கார விரும்பக்கூடும் என்று நான்கைந்து பெயரை வலது ஓரத்தில் எழுதுங்கள். முடிவு செய்யத் தேவையில்லை, "வேண்டியிருக்கலாம்" என்றாலே போதும். ஒவ்வொன்றுக்கும் முன்பாடம் என்ன என்று கையேட்டைப் பார்த்து இடது பக்கம் எழுதி, அதிலிருந்து வலது பக்கமாக அம்புக்குறி போடுங்கள். எது எந்த செமஸ்டரில் மட்டும் நடக்கும் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். அதிகமான அம்புகள் எந்தப் பாடத்திலிருந்து புறப்படுகின்றனவோ அதை முதலில் எடுங்கள். அம்பே புறப்படாத பாடத்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். உங்கள் பட்டியலில் பிளாக்செயின், மொபைல் ஆப், வெப் ஆகியவற்றிலிருந்து எதுவும் புறப்படாது. நெட்வொர்க்ஸ், ப்ராபபிலிட்டி இரண்டிலிருந்தும் நிறையப் புறப்படும்.

எல்லாவற்றையும் படித்துவிட முடியாது என்பதையும் மனதில் வையுங்கள். கணினித் துறை அமைப்புகளான ஏசிஎம், ஐஇஇஇ கம்ப்யூட்டர் சொசைட்டி, ஏஏஏஐ மூன்றும் சேர்ந்து வெளியிட்ட 2023 பாடத்திட்ட வழிகாட்டியில் 17 அறிவுத்துறைகள் இருக்கின்றன. ஒவ்வொரு துறையிலும் எல்லா மாணவருக்கும் தேவையானது எது, அந்தத் துறைக்குள் ஆழமாகப் போகிறவருக்கு மட்டும் தேவையானது எது என்று அதைத் தயாரித்தவர்களே பிரித்து வைத்திருக்கிறார்கள். பதினேழிலும் ஆழமாகப் போகும்படி யாரையும் அது கேட்கவில்லை. உங்கள் கல்லூரிப் பட்டியலையும் அதே கண்ணோடு பாருங்கள்.

சுமை பற்றி: கிரெடிட் எண்ணிக்கையை நம்பாதீர்கள். மூன்று கிரெடிட் கம்பைலரும் மூன்று கிரெடிட் பிளாக்செயினும் ஒன்றல்ல. ஓஎஸ் லேப் ஏற்கெனவே கட்டாயமாக இருக்கிறது. அதோடு இன்னொரு கனமான லேப் தாங்கும். மூன்றாவதைச் சேர்த்தால் செமஸ்டரின் கடைசி வாரங்களில் எல்லாக் கெடுவும் ஒன்றாக வந்து விழும், எதையும் ஒழுங்காகச் செய்ய முடியாது.

நூலகவாசி

மேடம் சொன்ன அம்புக்குறி முறை அருமை. ஒரு பாடத்துக்காக நான் வாதாடுகிறேன்: நியூமெரிக்கல் மெத்தட்ஸ். யாரும் சீண்டாத பாடம்.

1991 பிப்ரவரி 25, வளைகுடாப் போர். சவுதி அரேபியாவின் தஹ்ரானில் ஒரு பேட்ரியட் ஏவுகணை எதிர்ப்பு அமைப்பு, வந்த ஏவுகணையைத் தவறவிட்டது. 28 வீரர்கள் இறந்தார்கள். அந்த அமைப்பு நேரத்தைப் பத்தில் ஒரு நொடியாக எண்ணியது. 0.1 என்ற எண்ணுக்கு இரும எண்முறையில் முடிவே கிடையாது; 24 பிட்டில் வெட்டி வைத்திருந்தார்கள். ஒரு முறைக்கு வரும் பிழை கண்ணுக்கே தெரியாது. ஆனால் அமைப்பு 100 மணி நேரம் அணைக்கப்படாமல் ஓடிக்கொண்டிருந்ததால் பிழை சேர்ந்து சேர்ந்து நொடியின் மூன்றில் ஒரு பங்கு ஆகிவிட்டது. அவ்வளவு நேரத்தில் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். தேட வேண்டிய இடத்தை விட்டு வேறு இடத்தில் தேடியது.

பைத்தானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டி 0.3-க்குச் சமமா என்று கேட்டுப் பாருங்கள், இல்லை என்றுதான் வரும். மெஷின் லேர்னிங், கிராஃபிக்ஸ், விளையாட்டு எதற்குப் போனாலும் மிதவைப்புள்ளி எண்ணோடுதான் வாழ வேண்டும்.

டேட்டாதம்பி

நல்ல உதாரணம். ஆனா இப்படிப் பார்த்தா ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு விபத்தைக் காட்டிடலாம். மூணு இடம்தான் இருக்கு.

சோதனைக்கூடம்

காட்டலாம்தான், எனக்கும் ஒண்ணு இருக்கு. 1985 முதல் 1987 வரை தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம், ஆறு நோயாளிகளுக்கு அளவு கடந்த கதிர்வீச்சைச் செலுத்தியது. சிலர் இறந்தார்கள். இயக்குபவர் வேகமாகத் தட்டச்சு செய்து திருத்தினால் மட்டும் வெளிப்படும் ரேஸ் கண்டிஷன் (எந்தச் செயல் முந்துகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறும் பிழை) அதில் ஒரு காரணம். பழைய மாடல்களில் வன்பொருள் பூட்டு இருந்தது. இதில் அதை எடுத்துவிட்டு மென்பொருளை மட்டும் நம்பினார்கள்.

நான் டெஸ்டிங்கில் வேலை செய்கிறேன். அதனால் டெஸ்டிங் எலெக்டிவை எடுங்கள் என்று சொல்வேன் என்று எதிர்பார்ப்பீர்கள். சொல்ல மாட்டேன். ரேஸ் கண்டிஷனைப் புரிந்துகொள்ள வேண்டிய இடம் ஓஎஸ் லேப், அது உங்களுக்குக் கட்டாயப் பாடமாகவே இருக்கிறது. டெஸ்டிங் பாடத்தைப் பல இடங்களில் வரையறைகளை ஒப்பிக்கும் பாடமாக நடத்துகிறார்கள். உங்கள் கல்லூரியில் உண்மையாகவே ஒரு பழைய கோட்பேஸைக் கொடுத்து அதற்கு டெஸ்ட் எழுதச் சொல்கிறார்கள் என்றால் எடுங்கள். பழைய கேள்வித்தாளில் "வகைகளை விளக்குக" மட்டும்தான் இருக்கிறது என்றால் விட்டுவிடுங்கள்.

கர்னல்வாசி

மழைத்துளிக்கு ஆட்டோமேட்டா பிடிக்கும்னு எழுதியிருந்தாங்க, அதை யாரும் கவனிக்கலை. கம்பைலர் எழுதுற வேலை குறைவுதான். ஆனா கம்பைலர் பாடத்தோட பயன் அந்த வேலையில மட்டும் இல்ல.

ஒரு ரெகுலர் எக்ஸ்ப்ரஷன் (எழுத்து வரிசையில தேட வேண்டிய வடிவத்தைச் சொல்ற குறியீடு) பாருங்க: (அ+)+க. அதாவது ஒண்ணோ பலதோ "அ", அந்தக் கூட்டம் ஒண்ணோ பலதோ, கடைசியில "க". இதுக்கு முப்பது "அ" மட்டும் இருக்கிற, "க" இல்லாத ஒரு வரியைக் கொடுங்க. பின்வாங்கிப் பின்வாங்கித் தேடுற எஞ்சின் என்ன செய்யும்? முப்பது "அ"வையும் எத்தனை விதமா கூட்டம் பிரிக்கலாமோ அத்தனையும் முயற்சி பண்ணும். அது 2-இன் 29-ஆம் அடுக்கு, 53 கோடிக்கு மேல. முப்பத்தொண்ணாவது "அ" சேர்த்தா இரட்டிப்பாகும். கிடைக்கப் போற பதில் "பொருந்தல"ங்கிற ஒரு சொல்தான்.

2019 ஜூலை 2-ஆம் தேதி கிளவுட்ஃபிளேர் நிறுவனம் ஃபயர்வால் விதியில சேர்த்த ஒரு ரெகுலர் எக்ஸ்ப்ரஷன் இந்த மாதிரிதான் உலகம் பூரா அவங்க சர்வர்களோட சிபியுவை முழுங்கிடுச்சு. அரைமணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மியா அவங்களை நம்பின தளங்கள் முடங்கிப் போச்சு. இந்தப் பின்வாங்கல் இல்லாம, வரியோட நீளத்துக்கு ஏத்த நேரத்துல முடிக்கிற வழியைக் கணினி விஞ்ஞானி கென் தாம்சன் 1968-லயே கட்டுரையா எழுதிட்டார். எல்லா நிலைகளையும் ஒரே நேரத்துல கையில வெச்சுக்கிட்டு நகர்றதுதான் அது. நீங்க ஆட்டோமேட்டா வகுப்புல போட்ட, ஒரே நேரத்துல பல நிலைகள்ல இருக்கக்கூடிய என்எஃப்ஏ உருவகமேதான், வேற ஒண்ணுமில்ல.

வெப் வேலைக்குப் போறவருக்கும் இது தேவை. உள்ளீட்டைச் சரிபார்க்க தினமும் ரெகுலர் எக்ஸ்ப்ரஷன் எழுதுறவர் அவர்தானே. கம்பைலரோட பகுதிகளான லெக்ஸர், பார்ஸர், டைப் செக்கர், கோட் ஜெனரேட்டர்னு ஒரு சின்ன மொழிக்கு முழுசா கட்டி முடிச்சவருக்கு, அதுவரைக்கும் படிச்ச ஆட்டோமேட்டா, ஸ்டாக், மரம், கம்ப்யூட்டர் ஆர்கனைசேஷன் எல்லாம் ஒரே ப்ரோக்ராம்ல வந்து சேரும். அப்படிச் சேர்க்கிற பாடம் இளநிலையில ரொம்பக் கம்மி.

கேஷ்மிஸ்

கம்ப்யூட்டர் ஆர்கனைசேஷன் பிடிக்கும் என்றால் சின்னதாக ஒன்று செய்து பாருங்கள். சி-யில் பெரிய இரட்டைப் பரிமாண அர்ரே, எல்லா எண்ணையும் கூட்டுங்கள். முதலில் வரிசை வரிசையாக, பிறகு நெடுக்கையாக. கூட்டல் எண்ணிக்கை ஒன்றேதான், நேரம் பல மடங்கு வேறுபடும். வழக்கமான கேஷ் லைன் (நினைவகத்திலிருந்து ப்ராசஸர் ஒரே முறையில் எடுக்கும் துண்டு) 64 பைட், 4 பைட் எண் என்றால் ஒரு முறை எடுத்தால் 16 எண் கூடவே வரும். நெடுக்கையாகப் போனால் ஒன்றைத் தொட்டுவிட்டுப் பதினைந்தை வீணாக்குகிறோம். இது பிடித்திருந்தால் உங்கள் வழி சிஸ்டம்ஸ்தான்.

இரவுப்பணி

எல்லோரும் கனமான லேப் எடு என்கிறீர்கள். நான் மாலையில் வேலைக்குப் போய்க்கொண்டு படிக்கிறேன். ஓஎஸ் லேபே எனக்குத் தூக்கத்தைப் பறிக்கிறது. எனக்கு டேட்டாதம்பி சொல்வது நியாயமாகத் தெரிகிறது. சீக்கிரம் வேலை கிடைக்கும் வழி எல்லோருக்கும் ஆடம்பரமல்ல, தேவை.

பாடவேளை

நீங்கள் சொல்வது முழு உண்மை. இரண்டு கனமான லேப் என்று நான் எழுதியது, மாலை நேரம் கையில் இருக்கும் மாணவருக்கு. உங்கள் நிலையில் செமஸ்டருக்கு ஒன்றுதான் சரி. அது இப்போது ஓஎஸ். மற்ற இடங்களுக்கு வீட்டில் தாளும் பேனாவும் வைத்துப் படிக்கக்கூடிய பாடங்களை எடுங்கள். ப்ராபபிலிட்டி அப்படிப்பட்டது, நியூமெரிக்கல் மெத்தட்ஸும் ஓரளவு அப்படித்தான். வெப் பாடம் எடுத்தால் அதன் ப்ராஜெக்ட்டே ரெஸ்யூமேக்குப் பயன்படும், தனியாகச் செய்ய நேரம் இல்லாதவருக்கு அது நல்ல தேர்வு. கர்னல்வாசி சொன்ன "தனியாக முடிக்க முடியாததை எடு" என்ற அளவுகோல் உங்களுக்கும் பொருந்தும். ஆனால் உங்களால் எதைத் தனியாக முடிக்க முடியாது என்பது உங்கள் நேரத்தைப் பொறுத்தது.

டேட்டாதம்பி

இதைத்தான் நான் முதல்லேர்ந்து சொல்ல வந்தேன், மேடம் அழகா சொல்லிட்டாங்க. மழைத்துளிக்கு நேரம் இருக்குன்னா எண்கணிதன் சொன்ன வரிசையை நானும் ஒத்துக்கிறேன். மெஷின் லேர்னிங் ஆறுல எடுத்தாலும் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கு முன்னாடி முடிஞ்சிடும்.

மழைத்துளி

எல்லோருக்கும் நன்றி. ஒரு பயம் இன்னும் இருக்கிறது. கம்பைலர் எடுத்தவர்களுக்குக் கிரேடு குறைவாக வருகிறது என்று சீனியர்கள் சொல்கிறார்கள். சில நிறுவனங்கள் குறிப்பிட்ட சிஜிபிஏ-வுக்குக் கீழே இருந்தால் விண்ணப்பமே வாங்குவதில்லை. கிரேடுக்காக எளிய பாடம் எடுப்பது தவறா?

பாடவேளை

தவறு இல்லை. அந்த வரம்பு உண்மையாக இருக்கிறது, அதை மதித்துத்தான் திட்டம் போட வேண்டும். உங்கள் சிஜிபிஏ வரம்புக்கு மிக அருகில் இருந்தால் கனமானதோடு ஒரு எளியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நல்ல இடைவெளி இருந்தால் ஒரு பாடத்தில் ஒரு படி இறங்குவதற்குப் பயப்படாதீர்கள்.

சீனியரிடம் "கஷ்டமா" என்று கேட்டால் பயன்படும் பதில் வராது. "லேப் தாளைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். சிலபஸில் எல்லாப் பாடமும் கம்பீரமாகத்தான் தெரியும். வாரா வாரம் என்ன செய்யச் சொன்னார்கள் என்பது லேப் தாளில் இருக்கும். ஒரே பெயரில் முற்றிலும் வேறு பாடங்கள் நடப்பதையும் பார்த்திருக்கிறேன். கம்பைலர் என்ற பெயரில் பார்ஸிங் டேபிளைக் கையால் நிரப்புவதோடு நிற்கும் வகுப்பு உண்டு. முழுக் கம்பைலரும் கட்ட வைக்கும் வகுப்பு உண்டு. யார் நடத்துகிறார் என்பது பாடத்தின் பெயருக்குச் சமமான முக்கியத்துவம் உள்ளது. நன்றாக நடத்துபவரிடம் சுமாரான தலைப்பு, மோசமாக நடத்துபவரிடம் நல்ல தலைப்பு என்று வந்தால், நான் என் மாணவர்களை நன்றாக நடத்துபவரிடம்தான் அனுப்புவேன். பதிவை மாற்ற அனுமதிக்கும் முதல் சில நாட்களில் நான்கு பாடத்திலும் உட்கார்ந்து பாருங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் மறுக்க மாட்டோம், கேட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எங்களுக்கு மகிழ்ச்சிதான்.

நூலகவாசி

ஆறாம் செமஸ்டர் இயல்மொழி ஆய்வைப் பற்றி ஒரு வரி, தமிழில் ஆர்வம் இருப்பவர்களுக்கு. "கொ" என்று கணினியில் எழுதினால் யூனிகோடில் அது க, ொ என்று இரண்டு குறியீடாகவும் இருக்கலாம், க, ெ, ா என்று மூன்றாகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்றே, தேடல் நிரலுக்கு, இயல்பாக்கம் (ஒரே வடிவத்துக்கு மாற்றுதல்) செய்யாவிட்டால், இரண்டும் வேறு. நம் மொழிக்குக் கருவி செய்ய இன்னும் நிறைய ஆட்கள் வேண்டும். அதற்கும் அடித்தளம் ப்ராபபிலிட்டிதான்.

மழைத்துளி

மேடம் சொன்னபடி தாளில் வரைந்தேன். லேப் தாள்களையும் வாங்கிப் பார்த்தேன். எங்கள் கல்லூரிக் கம்பைலர் பாடத்தில் சின்ன மொழி ஒன்றுக்கு முழுவதும் கட்ட வேண்டும், கடைசியில் அசெம்பிளி வர வேண்டும். பார்த்ததுமே ஆசையாகிவிட்டது. சிஜிபிஏ வரம்புக்கு மேலே நல்ல இடைவெளி இருக்கிறது.

முடிவு இப்படி: ஐந்தில் கம்பைலர், ப்ராபபிலிட்டி, தகவல் பாதுகாப்பு. ஆறில் மெஷின் லேர்னிங், டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ். வெப்பை விடுமுறையில் நானே கற்று ஒரு ப்ராஜெக்ட் செய்துவிடுவேன். சரியாக இருக்கிறதா?

கர்னல்வாசி

ஒரே ஓட்டை. டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸுக்கு முன்பாடம் என்னன்னு கையேட்டைப் பார்த்தீங்களா? பெரும்பாலும் ஓஎஸ், நெட்வொர்க்ஸ் ரெண்டும் கேட்பாங்க. உங்க பட்டியல்ல நெட்வொர்க்ஸ் எலெக்டிவா இருக்கு, நீங்க எடுக்கல.

கையேடு கேட்காட்டியும் எடுத்துட்டுத்தான் போகணும். ரெண்டு கணினிக்கு நடுவுல செய்தி தொலையும், தாமதமாகும், வரிசை மாறும். டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ் பூராவும் இந்த மூணு தொல்லையைப் பத்தித்தான். 1986 அக்டோபர்ல பெர்க்லியில ரெண்டு இடத்துக்கு நடுவுல, கிட்டத்தட்ட 400 கஜ தூரம்தான், இணைப்பு வேகம் நொடிக்கு 32,000 பிட்லேர்ந்து 40 பிட்டுக்கு விழுந்துச்சு. கம்பி அறுந்து போகல. பதில் வரலைன்னு எல்லாக் கணினியும் திரும்பத் திரும்ப அனுப்பி, தாங்களே நெரிசலை வளர்த்துக்கிட்டாங்க. நெட்வொர்க் ஆராய்ச்சியாளர் வேன் ஜேக்கப்சன் அதை ஆராய்ஞ்சு 1988-ல எழுதின நெரிசல் கட்டுப்பாட்டோட வழித்தோன்றல்கள்தான் இன்னிக்கும் டிசிபி-யில (இணையத்துல தரவை நம்பகமா கொண்டு சேர்க்கிற நெறிமுறை) ஓடுது. ஒரு சர்வர் பதில் சொல்லலைன்னா உடனே திரும்பக் கேட்கிற நிரலை எழுதுறவங்க இப்பவும் அதே நெரிசலைச் சின்ன அளவுல உண்டாக்குறாங்க.

பாடவேளை

கர்னல்வாசி சொல்வது சரி. தகவல் பாதுகாப்புக்கும் நெட்வொர்க்ஸ் தெரிந்து போனால் இரண்டு மடங்கு பயன். நெறிமுறை தெரியாமல் அதன் மீதான தாக்குதலைப் படித்தால் பெயர்களின் பட்டியலாகத்தான் மனதில் நிற்கும். பாதுகாப்பை ஏழுக்குத் தள்ளுங்கள்.

மழைத்துளி

இப்போதுதான் கையேட்டைத் திறந்து பார்த்தேன். டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸுக்கு "ஓஎஸ், நெட்வொர்க்ஸ் கட்டாயம்" என்று இருக்கிறது. தகவல் பாதுகாப்பு ஏழிலும் உண்டு. அப்படியானால் ஐந்தில் கம்பைலர், ப்ராபபிலிட்டி, நெட்வொர்க்ஸ். நெட்வொர்க்ஸ் லேப் தாளும் கிடைத்துவிட்டது: ஒரு சின்ன ப்ராக்ஸி சர்வர், பிறகு நம்பகமான பரிமாற்றம் ஒன்றை யுடிபி (சேர்ந்ததா என்று உறுதி செய்யாமல் தரவை அனுப்பும் நெறிமுறை) மேல் எழுதுவது. மற்றவை எளிய பயிற்சிகள். ஓஎஸ், கம்பைலர் இரண்டோடு தாங்குமா மேடம்?

பாடவேளை

தாங்கும். பெரிய பயிற்சி இரண்டுதான் என்பதால் நெட்வொர்க்ஸை நான் சொன்ன மூன்றாவது கனமான லேபாக எண்ண வேண்டியதில்லை. ஆனால் பதிவு செய்வதற்கு முன் மூன்று லேப் தாளின் கெடு தேதிகளையும் ஒரே நாட்காட்டியில் எழுதிப் பாருங்கள். கம்பைலரின் கோட் ஜெனரேட்டரும் நெட்வொர்க்ஸின் யுடிபி பயிற்சியும் ஒரே வாரத்தில் விழுந்தால், யுடிபியை ஒரு வாரம் முன்னதாகத் தொடங்கத் திட்டமிடுங்கள். அதற்குத் தேவையான பாடம் எப்படியும் அதற்கு முன்பே நடந்திருக்கும்.

எண்கணிதன்

ப்ராபபிலிட்டி வகுப்பில் தனியாக உட்கார வேண்டுமே என்று எழுதியிருந்தீர்கள். மேத்ஸ் துறை மாணவர்கள் நிரூபணத்தில் உங்களை விட வேகமாக இருப்பார்கள், நீங்கள் நிரல் எழுதுவதில் அவர்களை விட வேகம். அவர்களில் ஒருவரோடு சேர்ந்து கணக்குப் போடுங்கள். ஒவ்வொரு தேற்றத்தையும் பைத்தானில் ஒரு லட்சம் முறை உருட்டிப் பார்த்து அவருக்குக் காட்டுங்கள், அவர் அது ஏன் அப்படி வருகிறது என்று உங்களுக்குக் காட்டுவார்.

மழைத்துளி

நிச்சயமாகச் செய்கிறேன் சார். நாட்காட்டியில் எழுதிப் பார்த்தேன் மேடம், ஒரே ஒரு வாரம்தான் மோதுகிறது. இன்று இரவே மூன்றையும் பதிவு செய்துவிடுகிறேன்.